13 வயதாகும் மகனின் அறை: எதை அவனிடம் விடலாம், எதை விடக்கூடாது?

மகனுக்கு அடுத்த மாதம் 13 வயது, ஆனால் அவன் அறைக்கு இன்னும் மூன்று வயதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். 10 அடிக்கு 11 அடி அறை. நீலச் சுவரில் மேகங்கள், கார் வடிவக் கட்டில், மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை. அவனோ நான்கு சுவரும் கருப்பு, கூரையோரம் சிவப்பு விளக்குப் பட்டை, மேலே படுக்கையும் கீழே மேசையுமாக ஓர் உயரக் கட்டில், கதவுக்கு உள்தாழ்ப்பாள் என்று பட்டியலே கொடுத்துவிட்டான். இரண்டு மாதத்தில் சலித்துவிடும், வீண் செலவு என்கிறார் உங்கள் கணவர். என்ன நிறம் பூசலாம், என்ன சாமான் வாங்கலாம் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ உங்களை உறுத்துவது நிறமோ சாமானோ அல்ல என்று தோன்றுகிறது. அவன் சொல்வதற்கு எதுவரை இணங்குவது, எங்கே மறுப்பது என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். நிறமும் கட்டிலும் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் படித்தது கட்டடக்கலை. செய்வது வீட்டு உள்ளமைப்பு வேலை. வளரும் பிள்ளைகளின் அறைகளைப் பலமுறை பிரித்து அடுக்கியதில் எனக்குப் பிடிபட்ட அளவுகோல் ஒன்றுதான்: செய்ததைத் திரும்ப மாற்ற எவ்வளவு பாடுபட வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிடலாம் என்றால் அது பிள்ளையின் முடிவு. சுவரைக் கொத்த வேண்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், அல்லது அவன் முதுகும் தூக்கமும் கெடும் என்றால் அது உங்கள் முடிவு. இப்படிப் பிரித்துப் பார்த்தால் பெற்றோர் பெரும்பாலும் தவறான இடத்தில் சண்டை போடுவது தெரியும். நிறத்துக்காக ஒரு மாதம் வாதாடுவார்கள். பிளக் பாயிண்ட் எங்கே வரவேண்டும் என்பதைப் பெயிண்டர் ஏணியோடு வந்து நின்ற பிறகுதான் யோசிப்பார்கள்.

ஆகவே கருப்பிலிருந்தே தொடங்குகிறேன். கருப்புச் சுவர் மனத்தை இருட்டாக்கிவிடும், நீலம் அமைதி தரும், மஞ்சள் ஊக்கம் தரும் என்றெல்லாம் உங்களிடம் பலர் சொல்வார்கள். என் தொழிலில் இருப்பவர்களே அடித்துச் சொல்வார்கள். இதற்கு ஆதாரம் மிக மெலிது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு ஒருவகை இளஞ்சிவப்பைப் பூசிப் பார்த்தார்கள். கைதிகளின் ஆத்திரம் அடங்கிவிட்டதாகப் பேச்சு பரவியது. அங்கிருந்த இரண்டு அதிகாரிகளின் பெயரால் அந்த நிறத்துக்கு பேக்கர்-மில்லர் இளஞ்சிவப்பு என்றே பெயர் வந்தது. வேறு சிறைகளும் பூசிக்கொண்டன. பிற்பாடு சுவிட்சர்லாந்தின் சிறை ஒன்றில் வெள்ளை அறையையும் இளஞ்சிவப்பு அறையையும் முறையாக ஒப்பிட்டு, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஆத்திரத்தில் வேறுபாடு இல்லை. சிறைக் கைதியையே அடக்காத பெயிண்ட் உங்கள் மகனின் மனத்தை என்ன செய்துவிடப் போகிறது?

ஆனால் கருப்பு வெளிச்சத்தை விழுங்கும் என்பதில் ஐயமே இல்லை, அது இயற்பியல். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். கருப்பு அனுப்புவது ஏறத்தாழ 5 சதவீதம். நான்கு சுவரையும் கருப்பாக்கினால் இப்போதுள்ள விளக்கு போதாது; பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும். கருப்பு எமல்ஷனில் தோள் உரசிய இடம், கை பட்ட இடம் எல்லாம் வெளிறிய தடமாகத் தெரியும். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி ஒரு மாதத்துக்குள் விரல் தடங்கள் வளையம் கட்டிவிடும். பிறகு வெளிர்நிறத்துக்குத் திரும்ப வேண்டுமானால் பிரைமர் அடித்து, வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பூச்சு கூடுதலாகப் பூச வேண்டும். இவ்வளவுதான் கருப்பின் குறைகள். எல்லாவற்றையும் அவனிடமே சொல்லலாம்.

சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். இரண்டடிக்கு நான்கடி ஹார்டுபோர்டு அட்டைகள் இரண்டை வாங்கி ஒன்றில் அவன் கேட்கும் கருப்பையும், மற்றொன்றில் அடர்பச்சையோ கரும்நீலமோ அவனுக்குப் பிடித்த இன்னோர் அடர்நிறத்தையும் பூசச் சொல்லுங்கள். ஒரு வாரம் அவை அவன் அறையில் இருக்கட்டும். காலையில் ஜன்னல் எதிரே, இரவில் கட்டில் ஓரம் என்று அவனே இடம் மாற்றி வைத்துப் பார்க்கட்டும். நான் வேலை செய்த ஒரு வீட்டில் இதேபோல் கருப்பு கேட்ட பையன், அட்டையைக் கட்டில் தலைமாட்டில் மட்டும் நிறுத்திவிட்டு, இங்கே இருந்தால் போதும், எதிர்ச்சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும் என்றான். இன்னொரு வீட்டுப் பெண் அட்டையைப் பார்த்த பிறகும் நான்கு சுவருக்கும் அடர் ஊதாதான் என்று நின்றாள். பூசினோம், கல்லூரிக்குப் போகும்வரை அப்படியே வைத்திருந்தாள். இரண்டு முடிவுமே சரிதான். உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: சலித்துப்போனால் மறுபடி பூசும் வேலை அவனுடையது, உருளையும் வாளியும் மட்டும் உங்களுடையவை என்று முன்கூட்டியே பேசிவைத்தால் வாதம் பாதி அடங்கிவிடும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரும்பாலான பிள்ளைகளின் அறையில் கூரை நடுவே ஒரே விளக்கு; மேசையோ சுவரை ஒட்டி. இன்றிரவு அவனை அந்த மேசையில் உட்கார்ந்து எழுதச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவன் தலையின் நிழல் நோட்டுப் புத்தகத்தின் மேல் விழும். நிழலைத் தவிர்க்க நோட்டைச் சாய்ப்பான், பிறகு உடம்பைச் சாய்ப்பான். கூன் போடாதே என்று அவனை அதட்டுகிறோம். கோளாறு விளக்கு இருக்கும் இடத்தில். வலக்கைப் பழக்கமுள்ளவனுக்கு இடப்புறத்திலிருந்தும், இடக்கைப் பழக்கமுள்ளவனுக்கு வலப்புறத்திலிருந்தும் விழும்படி ஒரு மேசை விளக்கு வையுங்கள். எழுதப் படிக்கும் இடத்துக்கு 500 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது ஒளியமைப்புத் தரங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. கைப்பேசியில் உள்ள லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமானதல்ல என்றாலும், நூறா ஐந்நூறா என்று காட்டிவிடும்.

அடுத்தது விளக்கொளியின் நிறம். பல்பு அட்டையில் 2700, 4000, 6500 என்று கெல்வின் கணக்குப் போட்டிருக்கும். எண் ஏற ஏற ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும். மேசைக்கு 4000 அளவில் இருக்கலாம். கட்டில் பக்கமும் பொதுவிளக்கும் 2700 அல்லது 3000. காரணம் உண்டு. கண்ணின் உட்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. அவை நீல ஒளிக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்ளும். இந்த வகையில் பார்த்தால் உங்கள் மகன் கேட்கும் சிவப்பு விளக்குப் பட்டை தூக்கத்தைக் கெடுப்பதில் கடைசி இடத்தில்தான் இருக்கிறது. மங்கலாக எரியும்வரை தாராளமாக விடலாம். நீலம், வெள்ளை என்று மாறும் பட்டையானால் தூங்கப் போகும் நேரத்தில் சிவப்பிலோ செம்மஞ்சளிலோ நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வெளிச்சத்தில் படிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தூக்கம் என்றவுடன், அவன் இனி இரவில் நேரத்துக்குத் தூங்கமாட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது சோம்பல் அல்ல. பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் முன்பைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. சிலருக்கு இரண்டு மணி நேரம்வரைகூடத் தள்ளிப்போகும். ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்கவியல் மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரை. பள்ளி நேரம் தள்ளிப்போவதில்லை, இடிபடுவது பிள்ளைதான். அறை இதைத் தீர்த்துவிடாது, ஆனால் பாதகம் செய்யாமல் இருக்கலாம். காலை வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ள உதவும். அதனால் முழு இருட்டாக்கும் தடித்த திரைச்சீலை ஒன்றை மட்டும் மாட்டிவிட்டால், இரவில் நல்லது செய்து காலையில் கெடுக்கும். தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என்று இரண்டு கம்பிகளில் தொங்கவிடுங்கள். காலையில் தடித்ததை விலக்குவது யார் பொறுப்பு என்பதையும் பேசிவிடுங்கள். கட்டிலைத் திருப்பிப் போட்டால் காலை வெளிச்சம் முகத்தில் படும் என்றால் அப்படியே போடுங்கள்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்கவில்லை. இருந்தாலும் சார்ஜர் எங்கே என்பது அறை அமைப்பில் சேர்த்திதான். படுக்கையறையில் திரைகள் இருக்கும் பிள்ளைகள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது திரையின் நீல ஒளியாலா, அதில் பார்க்கும் சங்கதியாலா, தூக்கம் வராதவர்கள்தான் கைப்பேசியை எடுக்கிறார்களா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவு செய்யும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான்: கட்டில் தலைமாட்டில் பிளக் பாயிண்ட் வைக்காமல், சார்ஜ் செய்யும் இடத்தை மேசை மேலோ அறைக்கு வெளியேயோ வைக்கலாம். கைப்பேசியைத் தலையணைக்கடியில் சார்ஜில் போடுவதை எந்த வயதிலும் அனுமதிக்காதீர்கள்; சூடு வெளியேற வழியில்லாத லித்தியம் பேட்டரி ஆபத்தானது. இத்தனைக்குப் பிறகும் வாரக்கணக்கில் தூக்கமே வரவில்லை, பகலெல்லாம் சோர்ந்து கிடக்கிறான் என்றால் அது என் துறைக்கு அப்பாற்பட்டது, மருத்துவரைப் பாருங்கள்.

உயரக் கட்டிலுக்கு வருகிறேன். கூரை எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. 9 அடி, அதாவது 274 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கட்டிலுக்குக் கீழே 165 செ.மீ. விடுகிறோம், சட்டமும் மெத்தையும் சேர்ந்து 30 செ.மீ. ஆக மெத்தையின் மேற்பரப்பு 195 செ.மீ. உயரத்தில் வரும். கூரைக்கு மீதி 79 செ.மீ. வளர்ந்த ஆண் நிமிர்ந்து உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலைவரை 90 செ.மீ. அளவுக்கு வரும். மேலே உட்கார்ந்தால் தலை இடிக்கும். கீழே அவன் 165ஐத் தாண்டி வளர்ந்த நாளிலிருந்து எழுந்து நின்றாலும் இடிக்கும். ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது சராசரியாக 13, 14 வயதில்தான். ஓர் ஆண்டில் 9, 10 செ.மீ.கூடப் போவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். கூரையில் மின்விசிறி இருந்தால் பேச்சே இல்லை: தூக்கக் கலக்கத்தில் கையை உயர்த்தினால் இறக்கையில் படும் தூரத்தில் யாரையும் படுக்கவைக்கக் கூடாது. காய்ச்சலில் கிடக்கும்போது ஏணி ஏறி இறங்குவதையும், அதன்மேல் ஏறி நின்று மெத்தை விரிப்பு மாற்றப்போவது யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கூரை 10 அடியோ அதற்கு மேலோ இருந்து, விசிறி எட்டத்தில் இருந்தால் மட்டும் மறுபரிசீலனை செய்யலாம்.

ஆனால் வெறும் மறுப்போடு நிறுத்தாதீர்கள். உயரக் கட்டில் கேட்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், உயரத்தின்மேல் ஆசை வைத்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் கேட்பது கீழே கிடைக்கும் குகை. நண்பன் வந்தால் கட்டிலில் உட்கார வேண்டியதில்லை, யாரும் எட்டிப் பார்த்தால் தெரியாத ஒரு மூலை இருக்கும். அதை வேறு விதமாகக் கொடுக்கலாம். கட்டிலை நீளவாக்கில் சுவரோடு ஒட்டிப் போட்டு முதுகுக்குத் திண்டுகள் வைத்தால் பகலில் அதுவே சோபா. கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அலமாரியின் பக்கவாட்டை நிறுத்தினால், கதவைத் திறந்தவுடன் படுக்கை கண்ணில் படாது. இந்தச் சின்ன மறைப்புக்கு இந்த வயதில் இருக்கும் மதிப்பு பெரியவர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை.

வாங்கும் கட்டில் 200 செ.மீ. நீளம் இருக்கட்டும். படுப்பவரின் உயரத்தைவிட 15 முதல் 20 செ.மீ. கூடுதல் என்பது கணக்கு; இன்றைய உயரத்துக்கு வாங்கினால் இரண்டு ஆண்டில் கால் வெளியே நீட்டும். அகலம் 90 செ.மீ. போதும், இடம் இருந்தால் 100. மேசை பெரியவர்களுக்கான 73 முதல் 75 செ.மீ. உயரத்திலேயே வாங்குங்கள், ஆழம் 60 செ.மீ.க்குக் குறையக்கூடாது, கணினித் திரை வைப்பதானால் இன்னும் 10 செ.மீ. கூட்டுங்கள். இப்போது அவனுக்கு மேசை உயரமாக இருந்தால் நாற்காலியை ஏற்றிக் காலடியில் ஒரு பலகை வைத்தால் போதும். முழங்கை மேசை மட்டத்தில் மடங்க வேண்டும், பாதம் தொங்கக்கூடாது. பணம் குறைவென்றால் மேசையில் மிச்சம் பிடியுங்கள். உயரம் மாற்றக்கூடிய நாற்காலியிலும் மெத்தையிலும் வேண்டாம்.

இவையெல்லாம் அந்த அறைக்குள் அடங்குமா என்பதை வாங்கும்முன் காகிதத்தில் பாருங்கள். கட்டம் போட்ட தாளில் 1 மீட்டருக்கு 5 செ.மீ. என்ற கணக்கில் வரைந்தால் உங்கள் அறை ஏறத்தாழ 15க்கு 17 செ.மீ. வரும். கட்டில் 5க்கு 10, மேசை 6க்கு 3 என்று அட்டையில் வெட்டி அவனிடம் கொடுத்துவிடுங்கள். கதவு திறக்கும் வளைவை வரைய மறக்காதீர்கள். நடக்க 60 செ.மீ., நாற்காலியைப் பின்னால் தள்ள மேசைக்கு முன்னால் 80 செ.மீ. அளவு விட வேண்டும் என்ற இரண்டு விதிகளை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். பிள்ளைகள் இதில் பெற்றோரைவிடக் கெட்டிக்காரர்கள். முடித்த பிறகு, பள்ளியிலிருந்து வந்தது முதல் தூங்கும்வரை என்ன செய்வான், எங்கே பையைப் போடுவான், எங்கே உட்காருவான் என்று தாளில் விரலால் நடந்து காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாணி பிடிக்கும் என்று கேட்டால் எங்கோ பார்த்த படத்தைச் சொல்வான். இப்படிக் கேட்டால் தன் அறையைச் சொல்வான்.

தாழ்ப்பாள்தான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. அதன் 12ஆம் பிரிவு தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 16ஆம் பிரிவு அந்தரங்கத்தில் யாரும் காரணமின்றித் தலையிடாமல் இருக்கும் உரிமையையும் பிள்ளைக்குத் தருகின்றன. கதவைத் தட்டாமல் நுழையாத வீட்டில் தாழ்ப்பாள் கேட்கும் பிள்ளைகளை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்; முதலில் அதைத் தொடங்கிப் பாருங்கள். அப்படியும் வேண்டுமென்றால் குளியலறைக் கதவுகளுக்கு வரும் வகைப் பூட்டைப் பொருத்துங்கள்: உள்ளே குமிழைத் திருகிப் பூட்டலாம், வெளியே உள்ள பிளவில் ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறந்துவிடலாம். நெருப்பு, மயக்கம் என்று வந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்காது. வெளியிலிருந்து திறக்க வழியில்லாத இரும்புத் தாழ்ப்பாள் வேண்டாம். இதில் அவன் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வெளியே பிளவு இருக்கிறது என்பதை அவனுக்கு மறைக்கவும் கூடாது. அவன் தனிமையை நாடுவது வயதின் இயல்பு. ஆனால் திடீரென்று சாப்பாடு, நண்பர்கள், விளையாட்டு எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கினால் அதைப் பூட்டுப் பிரச்சினையாகப் பார்க்காமல் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

வேலையின் வரிசை இதுதான். முதலில் மின்கம்பி வேலை. மேசைக்கு மேல்மட்டத்தில் குறைந்தது நான்கு பிளக் பாயிண்ட், கட்டில் பக்கம் எட்டும் தூரத்தில் விளக்கு ஸ்விட்ச். இப்போது மிச்சம் பிடித்தால், பின்னால் நீட்டிப்புப் பெட்டியில் இன்னொரு நீட்டிப்புப் பெட்டியைச் செருகித் தரையெல்லாம் கம்பியோட விடுவான். தீ விபத்துக்கு அது வழிவகுக்கும். பிறகு சுவர். அந்த மேகங்களுக்கு அடியில் என்ன பூச்சு இருக்கிறது என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. வீடு பழையதென்றால் உலர்ந்த சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பரிசோதித்துவிட்டு, சுவரை நனைத்துத் தேய்ப்பதே முறை. அந்த நாட்களில் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. சுவரில் ஈரம் பூத்திருந்தால் அதை நிறுத்தாமல் பூசும் எந்தப் பெயிண்டும் உரியும். பூசி முடித்த பிறகு சில நாட்கள் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். துகள் பலகையில் செய்த புது அலமாரி, மேசை ஆகியவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயு கசியும்; வாங்கும்போது அந்தக் கசிவு குறைவு என்று காட்டும் இ1 (E1) தரக் குறியீடோ அதைவிடக் கடுமையான தரமோ இருக்கிறதா என்று பார்த்து, அவற்றையும் இரண்டு மூன்று நாள் காற்றாட விட்ட பிறகு அவன் அங்கே படுக்கட்டும்.

அலமாரிகளையும் சுவரில் மாட்டும் பலகைகளையும் முதல் நாளே வாங்கி நிரப்ப வேண்டாம். இன்றைக்குக் கிரிக்கெட் மட்டை வைக்க இடம் கேட்பவன் ஆறு மாதத்தில் கிட்டாருக்கு இடம் கேட்பான். துணிக்கு 60 செ.மீ. ஆழத்தில் ஓர் அலமாரி, சுவரில் எதையும் குத்திவைக்க ஒரு பெரிய சாஃப்ட் போர்டு, இவை போதும். மீதிச் சுவர் காலியாக இருக்கட்டும், அதற்கான பணத்தையும் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அறையில் எது தரையில் குவிகிறதோ அதற்குத்தான் அடுத்த பலகை வாங்க வேண்டும். இடுப்புயரத்தைத் தாண்டிய எந்த அலமாரியையும், அது எவ்வளவு கனமாக இருந்தாலும், சாய்ந்து விழாதபடி எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு திருகிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது இருந்தால் இடுப்புயரத்துக்குக் கீழே உள்ள இழுப்பறைப் பெட்டியையும் சேர்த்து.